அட்லாண்டிக்கைக் கடந்த விண்ணப்பங்கள்

விண்ணப்பம் என்னும் சொல் நம் மொழியில் நெடுங்காலமாக வழங்கி வருவது. இறைவனிடத்தும் அரசனிடத்தும் எளியோர் தம் குறையை எடுத்துரைப்பதற்கு அச்சொல்லைப் பயன்படுத்தினர். இன்றோ அஃது அச்சிட்ட ஒரு தாள். சில வேளைகளில் கணினித் திரையில் தோன்றும் ஒரு படிவம். ஆயினும் பழைய பொருள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. படிவத்தைக் கையில் வாங்கும் நம் பிள்ளைகளுள் பலர், தமக்கு உரியதைக் கேட்கிறோம் என்று எண்ணாமல், யாரோ ஒருவர் மனம் இரங்க வேண்டுமே என்று எண்ணியே அதனை நோக்குகின்றனர். ஆசிரியப் பணியில் நான் கண்ட வரையில், தள்ளுபடி செய்யப்பட்ட விண்ணப்பங்களைவிட, எழுதப்படாமலேயே நின்றுபோன விண்ணப்பங்களே மிகுதி. "நமக்கெல்லாம் எங்கே ஐயா கொடுக்கப் போகிறார்கள்?" என்பதே அதற்குக் கூறப்படும் காரணம்.

ஆதலின், இவ்வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை தருமாறு நம் கல்விச் சங்கத்தார் பணித்தபோது, ஒரு விண்ணப்பத்தின் வரலாற்றையே எழுதத் துணிந்தேன். அமெரிக்க நாட்டின் கறுப்பின மாணவர் சிலர், பிரிட்டனின் தலைசிறந்த பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்த வரலாறு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஹார்வர்டு 1636இலேயே தோன்றிவிட்டது. தம் ஊரிலேயே கல்லூரி இருக்க, மூவாயிரம் மைல் கடல் கடந்து இவர்கள் ஏன் செல்ல நேர்ந்தது என்பதிலேதான் செய்தி இருக்கிறது.

முதலாமவர் ஜேம்ஸ் மெக்கியூன் ஸ்மித். 1813இல் நியூயார்க்கில் அடிமையாகப் பிறந்தவர். அம்மாநிலத்தில் அடிமை முறை 1827 ஜூலை 4ஆம் நாள் முடிவுக்கு வந்தபோதுதான் சட்டப்படி விடுதலை பெற்றார். கறுப்பினக் குழந்தைகளுக்கென நடத்தப்பட்ட ஆப்பிரிக்க இலவசப் பள்ளியில் பயின்றார். அமெரிக்க விடுதலைப் போரில் பங்குகொண்ட பிரெஞ்சுப் படைத்தலைவர் லாஃபயெட் 1824இல் அப்பள்ளிக்கு வருகை தந்தபோது, அவரை வரவேற்றுப் பேசியவர் பதினொரு வயதுச் சிறுவரான ஸ்மித்தே. மருத்துவம் பயில விழைந்து கொலம்பியா, ஜெனீவா ஆகிய இரு மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தார். இரண்டும் அவருடைய நிறம் கண்டு மறுத்தன. அந்நிலையில் பீட்டர் வில்லியம்ஸ் என்னும் கறுப்பினக் குருவானவர் முன்னின்று ஊக்கமும் பொருளும் சேர்த்துக் கொடுக்க, 1832இல் கப்பலேறி ஸ்காட்லாந்து சென்றார்.

ஸ்காட்லாந்தைத் தேர்ந்தது ஏன் என வினவலாம். அக்காலத்தில் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் இங்கிலாந்துத் திருச்சபையின் சமயக் கோட்பாடுகளை ஏற்பதாக ஒப்பமிட்டவர்க்கே பட்டம் வழங்கின. ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களில் மாணவர்க்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை; மருத்துவக் கல்வியிலும் அவை பெயர் பெற்றிருந்தன. கிளாஸ்கோ பல்கலைக்கழகம் ஸ்மித்தை ஏற்றது. 1835இல் இளங்கலையும், 1836இல் முதுகலையும், 1837இல் மருத்துவப் பட்டமும் பெற்றார். பல்கலைக்கழக மருத்துவப் பட்டம் பெற்ற முதல் அமெரிக்கக் கறுப்பினத்தவர் இவரே. பட்டத்தோடு ஊர் திரும்பப் புறப்பட்டவரைக் கப்பலில் ஏற்ற ஒரு கப்பல் தலைவன் மறுத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பட்டம் நிறத்தை மாற்றுவதில்லை அன்றோ! நியூயார்க்கில் மருத்துவமனையும் மருந்துக் கடையும் நடத்தினார். கறுப்பின அநாதைச் சிறுவர் இல்லத்தின் மருத்துவராக நெடுங்காலம் பணிபுரிந்தார். விடுதலை பெற்ற கறுப்பர்களிடையே மனநோய் மிகுதி என 1840ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கு கூறியபோது, அக்கணக்கின் பிழைகளைப் புள்ளிவிவரம் கொண்டே எடுத்துக்காட்டியவர் அவர். 1865இல் மறைந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 2021இல் திறக்கப்பட்ட பெரிய கல்விக் கட்டடம் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அடிமை வாணிகத்தால் வந்த செல்வம் நன்கொடைகளாகத் தன்னிடமும் சேர்ந்தது என்பதை அப்பல்கலைக்கழகமே 2018இல் ஆராய்ந்து வெளியிட்டது. ஒரு கையால் கதவைத் திறந்த நிறுவனத்தின் மறு கையில் என்ன இருந்தது என்பதையும் வரலாறு மறைப்பதில்லை.

அதே இலவசப் பள்ளியில் பயின்ற மற்றொருவரின் வரலாறு இதனினும் விரிவாகக் கூறத்தக்கது. அவர் அலெக்சாண்டர் கிரம்மல். 1819இல் நியூயார்க்கில் பிறந்தவர். தந்தையார் சிறு வயதில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டவர். விடுதலை பெற்றபின் கடற்சிப்பி விற்றுக் குடும்பத்தைக் காத்தவர். நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்தில் கானான் என்னும் சிற்றூரில், வெள்ளையரும் கறுப்பரும் ஒருங்கே பயிலலாம் என அறிவித்து 1835இல் நோயஸ் கல்விக்கூடம் திறக்கப்பட்டது. செய்தி கேட்டுக் கிரம்மலும், ஹென்றி ஹைலண்டு கார்னெட் முதலிய தோழரும் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டனர். நீராவிப் படகில் உள்ளே படுக்க இடம் தரப்படவில்லை. திறந்த தளத்திலேயே இரவைக் கழித்தனர். வழியில் விடுதிகளில் உணவும் இல்லை. கார்னெட் காலில் நோயுடையவர், ஊன்றுகோலுடன் வந்தார். இவ்வாறெல்லாம் சென்று சேர்ந்து அவர்கள் பயின்றது சில மாதங்களே. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் ஊரார் கூடித் தீர்மானம் நிறைவேற்றினர். சுற்றுவட்டத்து உழவர்கள் தம் எருதுகளை ஓட்டி வந்தனர். ஏறத்தாழத் தொண்ணூறு நுகத்தடி எருதுகளைச் சங்கிலியால் பிணைத்துப் பள்ளிக் கட்டடத்தை அடித்தளத்திலிருந்து பெயர்த்து இழுத்துச் சென்றனர். வேலை முடிய இரண்டு நாட்கள் ஆயின!

நம் சேரிகளில் பள்ளிக் கூரைக்குத் தீ வைத்த கதைகளை நம் முன்னோர் வாயிலாகக் கேட்டவர்கள், இந்த எருதுகளின் கதையை எளிதில் உணர்ந்துகொள்வர். பள்ளிக்கூடம் என்பது சிலருக்கு எவ்வளவு அச்சம் தருவது என்பதை அறிய இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கிரம்மல் தளரவில்லை. ஒனைடா கல்விக்கூடத்தில் சேர்ந்து படிப்பை முடித்தார். குருவாக விரும்பி நியூயார்க்கிலிருந்த இறையியல் கல்லூரிக்கு விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டார். பிலடெல்பியா ஆயரிடம் சென்றபோது, திருச்சபை மாமன்றத்தில் இடம் கேட்பதில்லை என்று ஒப்புக்கொண்டால் ஏற்பதாக அவர் கூறினார். அந்த நிபந்தனைக்கு உட்பட்டு உள்ளே வர இயலாது எனக் கிரம்மல் மறுமொழி கூறித் திரும்பினார். வறுமையும் நோயும் வாட்டிய அந்நாளில், கிடைத்த இடத்தை உதறி வெளியேறுவது எளிய செயலன்று. பிற்காலத்தில் அறிஞர் டியூ பாய்ஸ் தாம் 1903இல் வெளியிட்ட நூலில் ஒரு முழு இயலையே கிரம்மலுக்கென ஒதுக்கி இந்நிகழ்ச்சியை எழுதினார். பின்னர் வேறிடங்களில் குருப்பட்டம் பெற்ற கிரம்மல், தம் மக்களுக்குக் கோயில் கட்ட நிதி திரட்டும் பொருட்டு 1848இல் இங்கிலாந்து சென்றார். அங்கு அவர்தம் சொற்பொழிவைக் கேட்டு மதித்த அன்பர்கள் அவர் கல்விக்கெனத் தனி நிதி சேர்த்தனர். 1849இல் கேம்பிரிட்ஜில் குயின்ஸ் கல்லூரியில் மாணவரானார். அப்போது அவருக்கு வயது முப்பது. மனைவியும் மக்களும் உடனிருந்தனர். உடல்நலமும் சீராக இல்லை. இறுதித் தேர்வில் முதன்முறை தோற்றார். மீண்டும் எழுதி 1853இல் பட்டம் பெற்றார். கேம்பிரிட்ஜில் பயின்று பட்டம் பெற்ற கறுப்பினத்தவராகப் பதிவேடுகளில் காணப்படும் முதல்வர் அவரே.

அவர் கேம்பிரிட்ஜ் சென்றதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அதனை அவரே 1897இல் ஆற்றிய உரையொன்றில் கூறினார். சிறு வயதில் அவர் நியூயார்க்கில் அடிமை ஒழிப்புச் சங்க அலுவலகத்தில் ஏவல் பையனாக இருந்தார். ஒரு நாள் வாஷிங்டனிலிருந்து திரும்பிய வழக்கறிஞர் இருவர் அங்கே பேசிக்கொண்டிருந்தனர். அடிமை முறையின் பெருங்காவலரான தென் கரோலினாவின் செனட்டர் கால்ஹூன், ஒரு விருந்தில் அவர்களிடம், கிரேக்க மொழியின் தொடரிலக்கணம் அறிந்த ஒரு கறுப்பனைக் காட்டினால் அவ்வினத்தாரும் மனிதரே என நம்புவேன் எனும் கருத்துப்படக் கூறினாராம். கறுப்பனை எந்தப் பள்ளியிலும் சேர்க்காமல் தடுத்துவிட்டு, அவனுக்குக் கிரேக்கம் தெரியவில்லையே என்று வியப்பவரை என்னென்பது! அச்சொல் அந்தச் சிறுவனின் நெஞ்சில் தைத்தது. கேம்பிரிட்ஜில் கிரேக்கமும் இலத்தீனும் கட்டாயப் பாடங்கள். கிரம்மல் கிரேக்கம் பயின்றார்.

நம்மவர் இதனைப் படிக்குங்கால் அண்ணல் அம்பேத்கர் நினைவுக்கு வருதல் இயல்பு. பம்பாயில் உயர்நிலைப் பள்ளியில் சமஸ்கிருதம் பயில அவர் விரும்பினார். அது மறுக்கப்பட்டுப் பாரசீக மொழியை எடுத்துக்கொள்ள நேர்ந்தது. பின்னாளில் தம் முயற்சியாலேயே சமஸ்கிருத நூல்களைக் கற்று ஆராய்ந்தார். எந்தச் சமுதாயத்திலும் மேலோர் ஒரு மொழியைக் கதவாக்கி, அதற்குப் பூட்டும் போட்டு, திறவுகோலையும் தாமே வைத்துக்கொள்கின்றனர். அங்குக் கிரேக்கம், இங்குச் சமஸ்கிருதம். நம் காலத்தில் ஆங்கிலம் அவ்விடத்தைப் பிடித்திருக்கிறது என்பது என் கருத்து. ஆங்கிலத்தை வெறுத்து ஒதுக்குமாறு நம் பிள்ளைகளுக்கு அறிவுரை கூறுவோர் தம் பிள்ளைகளை எங்கே படிக்க வைக்கின்றனர் என்று பார்த்தபின் அவ்வறிவுரையைக் கேட்பது நலம்.

இனி ஆக்ஸ்போர்டுக்கு வருவோம். வைர வாணிகத்தாலும் ஏகாதிபத்திய அரசியலாலும் பெருஞ்செல்வம் ஈட்டிய சிசில் ரோட்ஸ் 1902 மார்ச்சு மாதத்தில் இறந்தார். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லிச் சுரங்கங்களில் கறுப்பினத் தொழிலாளர் வேலிகளுக்குள் அடைக்கப்பட்டு உழைத்த உழைப்பே அச்செல்வத்தின் ஊற்று. அவர் தம் உயிலில் ஆக்ஸ்போர்டில் பயில்வதற்கென உதவித்தொகைகளை ஏற்படுத்தினார். பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளுக்கும், ஜெர்மனிக்கும், அமெரிக்காவின் மாநிலங்களுக்கும் இடங்கள் ஒதுக்கப்பட்டன. அமெரிக்க மாணவர்க்கு ஆண்டுக்கு 300 பவுன். மூன்று ஆண்டுகளுக்குக் கிடைக்கும். உயிலின் 24ஆம் பிரிவு, இனத்தையோ சமயக் கருத்தையோ காரணமாகக் கொண்டு எந்த மாணவரையும் தகுதியுடையவர் என்றோ தகுதியற்றவர் என்றோ கொள்ளலாகாது என விதித்தது. இனம் என்னும் சொல்லால் ரோட்ஸ் கருதியது ஆங்கிலேயரையும் டச்சு வழிவந்த போயர்களையும்தான் என வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். கறுப்பினத்தார் அவர் எண்ணத்தில் இருந்தாரல்லர். ஆனால் எழுத்து, எழுதியவனின் எண்ணத்தோடு நின்றுவிடுவதில்லை.

அமெரிக்க மாணவர்க்கான முறை பின்வருமாறு இருந்தது. முதலில் இலத்தீன், கிரேக்கம், கணிதம் ஆகியவற்றில் ஒரு தகுதித் தேர்வு. கிரேக்கம் ஆக்ஸ்போர்டிலும் 1920 வரை கட்டாயம். அதில் தேறியவர், தாம் வாழும் மாநிலத்திலோ தாம் படித்த மாநிலத்திலோ, இரண்டில் ஒன்றில், தேர்வுக் குழுவின் முன் நேரில் தோன்ற வேண்டும். கல்விச் சிறப்பு மட்டும் போதாது; விளையாட்டில் ஈடுபாடு, வாய்மை, துணிவு, எளியோர்பால் பரிவு, தலைமைப் பண்பு ஆகியவையும் நோக்கப்படும். திருமணமாகாத ஆண்களே தகுதியுடையோர். குழு தேர்ந்தெடுத்தபின் ஆக்ஸ்போர்டில் ஏதேனும் ஒரு கல்லூரி அவரை ஏற்றுக்கொள்ள வேண்டும். இக்கடைசிப் படியை நம் இளைஞர் நன்கு கவனிக்க வேண்டும். ஆக்ஸ்போர்டு என்பது ஒரே கட்டடமோ ஒரே அலுவலகமோ அன்று. அது பல கல்லூரிகளின் கூட்டு. எந்த மாணவரைச் சேர்ப்பது என்பதை ஒவ்வொரு கல்லூரியும் தானே முடிவு செய்யும். ஆகவே ஒரு வாயில் திறந்தாலும் உள்ளே இன்னொரு வாயில் உண்டு.

1907 மார்ச்சு மாதத்தில் பென்சில்வேனியா மாநிலக் குழு அலேன் லீராய் லாக் என்பவரைத் தேர்ந்தெடுத்தது. அவர் 1885இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். தந்தையார் சட்டம் பயின்றும் அஞ்சல் நிலையத்தில் எழுத்தராகப் பணிசெய்தவர். மகனுக்கு ஆறு வயதிருக்கும்போதே இறந்தார். தாயார் மேரி லாக் பள்ளி ஆசிரியை. அந்த அம்மையாரின் சம்பளத்தில்தான் மகன் வளர்ந்தார். சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சல் இதயத்தைக் கெடுத்துவிட்டது. உருவமும் மிகச் சிறியது. ஹார்வர்டில் நான்காண்டுப் படிப்பை மூன்றாண்டில் முடித்து, உயர் சிறப்புடன் பட்டமும் கட்டுரைக்கான பௌடன் பரிசும் பெற்றார். ரோட்ஸ் உதவித்தொகைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர் இவரே. நாளிதழ்கள் இதனைப் பெருஞ்செய்தியாக்கின. லாக்கிற்கு அதில் முழு மகிழ்ச்சி இல்லை. தம்மை ஓர் இனத்தின் சான்றுப் பொருளாக மட்டும் காண்பதை அவர் விரும்பவில்லை. தம் தகுதிக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டதாகக் கருதப்பட வேண்டும் என விழைந்தார். "ஒதுக்கீட்டில் வந்தவன்" என்ற சொல்லைக் கல்லூரி வளாகத்திலும் அலுவலகத்திலும் கேட்டிருக்கும் நம்மவர்க்கு இவ்விழைவு புரியாததன்று.

செய்தி ஆக்ஸ்போர்டை எட்டியதும் புயல் கிளம்பியது. தென் மாநிலங்களிலிருந்து முன்னரே ரோட்ஸ் மாணவராக வந்திருந்த வெள்ளை அமெரிக்கர் சிலர், இத்தேர்வை நீக்க வேண்டும் என அறங்காவலர்களிடம் முறையிட்டனர். ஆம், அதுவும் ஒரு விண்ணப்பமே! அறங்காவலர்கள் அதனை ஏற்கவில்லை. ரோட்ஸின் ஆட்கள் கறுப்பினத்தார்மீது அன்பு பூண்டவர் என்று இதற்குப் பொருளன்று. 24ஆம் பிரிவு அவர்கள் கையைக் கட்டியிருந்தது. எழுதப்பட்ட விதியின் பயன் இதுவே: நல்லவர் பதவியில் இருக்கும்போது விதி பெரிதும் தேவைப்படாது, மற்றவர் இருக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 15, 16, 17ஆம் பிரிவுகளை நம் பிள்ளைகள் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும் என்று நான் வகுப்பில் வற்புறுத்துவது இதன் பொருட்டே.

ஆயினும் முன்னர்க் கூறிய உள்வாயில் இருந்தது. கல்லூரிகள் பல, ஒன்றன்பின் ஒன்றாக, லாக்கை ஏற்க மறுத்தன. இறுதியில் ஹெர்ட்ஃபோர்டு கல்லூரி அவரை ஏற்றுக்கொண்டது. 1907 அக்டோபரில் அங்கே சேர்ந்தார். அடுத்த மாதம் நன்றியறிதல் திருநாள் வந்தது. அமெரிக்கர் எந்நாட்டில் இருப்பினும் கூடி உண்ணும் நாள் அது. ஆக்ஸ்போர்டிலிருந்த அமெரிக்க மாணவர் கழகம் விருந்து வைத்தது. லாக்கிற்கு அழைப்பு இல்லை. அவரோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்ணத் தென் மாநிலத்தார் இசையவில்லை. உடனிருந்து உண்பதைத் தீட்டாகக் கருதும் வழக்கம் நம் நாட்டிற்கே உரியது என எண்ணியிருப்போர் இந்நிகழ்ச்சியைக் குறித்துக்கொள்க. அப்போது ஆக்ஸ்போர்டில் இருந்த ஹோரஸ் காலன் என்னும் யூத அறிஞர், லாக்கை விலக்கிய விருந்துக்குத் தாமும் செல்ல மறுத்தார். அந்நண்பரின் நெஞ்சிலும் நிறவெறியின் கசடு முற்றிலும் நீங்கியிருக்கவில்லை என்பதை அவர் எழுதிய கடிதங்கள் காட்டுகின்றன. ஆயினும் நெஞ்சில் கசடு இருந்தும் நெறி பிறழாமல் நடந்த மனிதரை நான் மதிக்கவே செய்கிறேன். வேற்றுமையோடு பல பண்பாடுகள் ஒரு நாட்டில் உடன் வாழலாம் என்னும் பண்பாட்டுப் பன்மைக் கோட்பாடு, இவ்விருவரும் ஹார்வர்டிலும் ஆக்ஸ்போர்டிலும் நிகழ்த்திய உரையாடல்களிலிருந்தே தோன்றியது எனக் காலன் பின்னாளில் கூறினார்.

ஆங்கிலேயர் நடத்தை வேறு வகையினது. அவர்கள் வெளிப்படையாக இழிவு செய்யவில்லை. புறப் பண்பாட்டில் குறையில்லை. ஆனால் அந்தப் பண்பாட்டின் உள்ளே இருந்த அலட்சியத்தை லாக் நுட்பமாக உணர்ந்தார். அவருக்கு உண்மையான தோழமை கிட்டியது பேரரசின் பல மூலைகளிலிருந்து வந்த மாணவரிடையே. பல நாட்டு மாணவர் கூடிய காஸ்மபாலிட்டன் கழகத்தில் ஈடுபட்டார். அவருக்கு நண்பரானவருள் ஒருவர் ஜீசஸ் கல்லூரியில் சட்டம் பயின்ற பிக்ஸ்லி கா இசாகா செமே. இவர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் பிறந்த சூலு இனத்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1906இல் பட்டம் பெற்று அங்கிருந்தே ஆக்ஸ்போர்டு வந்தவர். ரோட்ஸ் செல்வம் ஈட்டிய மண்ணுக்கு உரியவர் செமே. ஆனால் அம்மண்ணுக்கென ஒதுக்கிய ரோட்ஸ் உதவித்தொகைகள் வெள்ளை மாணவரையே சென்றடைந்தன. செமே வேறு வழியில் பொருள் தேடிப் படித்தார். ஊர் திரும்பிய அவர், 1912 ஜனவரியில் தோன்றிய தென்னாப்பிரிக்கத் தேசியக் காங்கிரசை நிறுவுவதில் முன்னின்றார். அதுவே பின்னர் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசு எனப் பெயர் பெற்று, நெல்சன் மண்டேலாவின் தலைமையில் 1994இல் ஆட்சியேறியது.

லாக் ஆக்ஸ்போர்டில் பட்டம் பெறவில்லை. பட்டம் பெற்றார் எனச் சில நூல்களில் காணப்படுவது பிழை. செவ்வியல் பாடத்தில் தொடங்கி, பின் மெய்யியல் ஆய்வுக்கு மாறினார், ஆய்வு பட்டத்தில் முடியவில்லை, கடனும் சேர்ந்தது. 1910இல் வெளியேறி பெர்லின் பல்கலைக்கழகம் சென்றார். இதனை நான் மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம்மவருள் ஒருவன் உயர்ந்த இடத்தில் தடுக்கி விழுந்தால், "இவர்களால் இவ்வளவுதான்" என்று உலகம் கூறும்; நாமும் வெட்கி அவன் பெயரைச் சொல்லாமல் விடுகிறோம். ஆக்ஸ்போர்டில் பட்டம் பெறாமல் வெளியேறிய வெள்ளைச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் ஏராளம். அவர்களைக் கொண்டு எவரும் ஓர் இனத்தை அளந்ததில்லை. லாக் 1912இல் வாஷிங்டனின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1918இல் ஹார்வர்டில் மெய்யியலில் முனைவர் பட்டம் பெற்றார். 1925இல் அவர் தொகுத்த 'புதிய நீக்ரோ' என்னும் நூல், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் மலர்ந்த கறுப்பின இலக்கிய எழுச்சியின் முகப்பாக அமைந்தது. அதே ஆண்டில், கறுப்பின ஆசிரியர்க்கும் சமமான ஊதியம் வேண்டும் என வாதிட்டதன் பின், பல்கலைக்கழகம் அவரைப் பணியிலிருந்து நீக்கியது. சில ஆண்டுகளில் மீண்டும் அமர்த்தப்பட்டு 1953 வரை பணியாற்றினார்.

லாக்கிற்குப்பின் என்ன ஆயிற்று? இதுதான் இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. அடுத்த அமெரிக்கக் கறுப்பினத்தவர் ரோட்ஸ் உதவித்தொகை பெற ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குமேல் ஆயின. 1962 இறுதியில் ஜான் எட்கர் வைட்மன், ஸ்டான்லி சாண்டர்ஸ் ஆகிய இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டு 1963இல் சென்றனர். உயிலின் 24ஆம் பிரிவு இடையில் நீக்கப்படவில்லை. ஓர் எழுத்தும் மாறவில்லை. விதி அப்படியே இருக்க, மாநிலக் குழுக்களில் அமர்ந்திருந்தோர் கறுப்பினத்தவரைத் தேராமலே அரை நூற்றாண்டை ஓட்டினர். விதியின் ஆற்றலை மேலே புகழ்ந்தேன். அதன் எல்லை இது. தேர்வுக் குழுவில் அமர்வோர் யார் என்பதும் ஒரு விதியே. அது மட்டும் எழுதப்படுவதில்லை. பெண்களுக்கு இவ்வுதவித்தொகை 1977 முதலே திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இறுதியில் கேரன் ஸ்டீவன்சன் என்னும் வட கரோலினா மாணவி தேர்ந்தெடுக்கப்பட்டு, அதனைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணியானார்.

இன்று ஓர் அமெரிக்க மாணவர் ஆக்ஸ்போர்டில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க விரும்பினால், பிரிட்டனின் பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ் வாயிலாக, அக்டோபர் நடுவிலேயே அனுப்ப வேண்டும். ஒரே ஆண்டில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டிற்கும் விண்ணப்பிக்க இயலாது. அமெரிக்காவைப்போல் சேர்ந்தபின் பாடம் தேர்வதும் இல்லை. விண்ணப்பத்திலேயே பாடத்தைக் குறிப்பிட வேண்டும். தேர்வும் நேர்முகமும் அப்பாடத்திலேயே நடைபெறும். கிரேக்கம் கேட்பாரில்லை. ஆனால் மாணவரை ஏற்பது இன்றும் கல்லூரிகளே.

அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்குச் சென்ற இவ்வழியில் நடந்தவர் கறுப்பினத்தார் மட்டுமல்லர் என்பதையும் குறிக்க வேண்டும். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா சென்ற அம்பேத்கர், மூன்றாண்டுகள் நியூயார்க்கில் பயின்று, 1916இல் அங்கிருந்தே லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் திரும்ப நேர்ந்தது. மீண்டும் வந்து தொடர்வதற்கு நான்காண்டு அவகாசம் கேட்டுப் பெற்றுக்கொண்ட பின்னரே கப்பலேறினார். பம்பாயில் பேராசிரியராகிச் சேமித்த பணம், கோலாப்பூர் மன்னர் அளித்த உதவி, நண்பரிடம் பெற்ற கடன் ஆகியவற்றோடு 1920இல் மீண்டும் லண்டன் சென்று 1923இல் டி.எஸ்.சி. பட்டம் பெற்றார். அந்த அவகாசத்தைக் கேட்டு எழுதிய விண்ணப்பம் இல்லையேல் அப்பட்டம் இல்லை. இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப்பின், 1946இல், அமெரிக்கக் கறுப்பினத்தார் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த முறையீட்டின் படி வேண்டும் எனக் கேட்டு அவர் டியூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். இரு மக்களின் நிலையும் ஒத்தது எனக் குறிப்பிட்டார். டியூ பாய்ஸ் பரிவுடன் விடை எழுதினார். நம்மவர் அயல்நாடு சென்று பயில நடுவணரசின் உதவித்தொகைத் திட்டம் 1954-55 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் படிவத்தைப் பார்க்க விரும்புவோர் நம் சங்க நூலகத்தில் என்னைக் காணலாம்.

லாக் 1954 ஜூன் மாதத்தில் நியூயார்க்கில் காலமானார். மணம் செய்துகொள்ளாதவர், தாயாரும் 1922இலேயே மறைந்துவிட்டார். அவருடைய அஸ்தி அடக்கம் செய்யப்படாமல், கைமாறிக் கைமாறி, ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் வைக்கப்பட்டிருந்தது. 2014 செப்டம்பர் 13ஆம் நாள், அவர் பிறந்தநாளன்று, வாஷிங்டனின் காங்கிரசுக் கல்லறைத் தோட்டத்தில் அஃது அடக்கம் செய்யப்பட்டது. அதற்கு ஏற்பாடு செய்தவர்கள், அவருக்குப்பின் ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்போர்டு சென்று வந்த கறுப்பினத்தார்.